ஆகும்பே எங்கே இருக்கிறது, அங்கே எத்தனை பேர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலை விளிம்பில் இருக்கும் சின்னக் கன்னடக் கிராமம் ஆகும்பே. மழைக்குப் பேர் போன ஊர். அங்கே போய்வந்ததிலிருந்து என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஊர் எங்கே, எவ்வளவு பெரிசு, எத்தனை பேர் இருக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள், என்ன செய்து பிழைக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஆகும்பே சரியாக எங்கே இருக்கிறது?

சிவமொக்கா மாவட்டம், தீர்த்தஹள்ளி தாலுகா. கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர் உயரம். உடுப்பியிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர். தீர்த்தஹள்ளியிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். உடுப்பியையும் தீர்த்தஹள்ளியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 169ஏ இந்த ஊர் வழியாகத்தான் போகிறது.

உடுப்பிப் பக்கமிருந்து போனால்தான் ஊரின் இடம் மனதில் பதியும். ஹெப்ரி தாண்டி, மலையடிவாரத்தில் சோமேஸ்வரா வரும். அதுவரை கடற்கரைப் புழுக்கம். அங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறும்போதே காது அடைக்கும், பேருந்தின் கண்ணாடியில் ஈரம் படியும். கடைசி வளைவு முடிந்தால் காற்றே வேறு. கீழே உடுப்பி மாவட்டம், மேலே சிவமொக்கா மாவட்டம். மலையின் உதடு மாதிரி இருக்கும் இடத்தில்தான் ஊர் ஆரம்பிக்கிறது. வானம் தெளிந்த நாளில் அந்த விளிம்பில் நின்றால் சூரியன் அரபிக்கடலில் இறங்குவது தெரியும்.

அங்கே ஏன் இவ்வளவு மழை?

இடம்தான் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. கரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்கூடத் தட்டையான நிலம் கிடையாது, அதற்குள் மலை சுவர் போல எழுந்து நிற்கிறது. காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஏற ஏறக் குளிர்ந்து, சுமந்துவந்த தண்ணீரை அங்கேயே கொட்டுகிறது. விளிம்பின் முதல் படியில் உட்கார்ந்திருப்பதால் ஆகும்பேவுக்குப் பெரும் பங்கு கிடைத்துவிடுகிறது.

ஆண்டுக்குச் சராசரியாக 7,600 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில். சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது சுமார் 1,400. ஆகும்பேவில் 1946 ஆகஸ்ட் மாதம் மட்டும் 4,508 மில்லிமீட்டர் பதிவானது. சென்னையில் மூன்று வருடம் பெய்யும் மழையை அங்கே ஒரே மாதத்தில் பார்த்திருக்கிறார்கள். 'தென்னாட்டுச் சிரபுஞ்சி' என்று பெயர் வந்தது இப்படித்தான். ஆனால் கர்நாடகத்திலேயே ஹொசநகர தாலுகாவின் ஹுலிகல், பெலகாவி மாவட்டத்தின் ஆமகாவ் ஆகிய ஊர்கள் சில ஆண்டுகளில் ஆகும்பேவை மிஞ்சியிருக்கின்றன.

மழை என்றால் பொதுவாக மழை என்று அங்கே யாரும் சொல்வதில்லை. நட்சத்திரப் பெயர் வைத்துத்தான் சொல்வார்கள். ஜூன் முதல் வாரத்தில் மிருகசிரா மழை, ஜூன் கடைசியில் ஆரித்ரா மழை, அப்புறம் புனர்வசு, புஷ்ய, ஆஸ்லேஷ, மகா. சூரியன் எந்த நட்சத்திரத்தில் இருக்கிறதோ, அந்த மழை. எந்த மழையில் நாற்று நடுவது, எதில் பாக்குக்கு மருந்தடிப்பது என்பதெல்லாம் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

நான் போனது ஆகஸ்ட் ஆரம்பத்தில். தங்கிய வீட்டில் தீப்பெட்டியை அடுப்பு மேடையை ஒட்டியே வைத்திருந்தார்கள். வேறு எங்கே வைத்தாலும் குச்சி நமுத்துவிடும். குளியலறையை 'பச்சலு மனெ' என்கிறார்கள். அதில் பதித்த 'ஹண்டெ' என்ற பெரிய செப்புப் பாத்திரத்தின் கீழே நாள் முழுக்க விறகு எரிகிறது. நம் அண்டாவேதான். அதற்கு மேலே கொடி கட்டி வீட்டுத் துணி அத்தனையும் தொங்குகிறது. வெயில் இல்லாத மூன்று மாதத்துக்கு அதுதான் சூரியன். அந்தப் புகை வாசம் சட்டையில் ஏறி, ஊர் திரும்பி இரண்டு முறை துவைத்த பிறகும் போகவில்லை. எனக்கும் அது போக வேண்டும் என்று இல்லை.

இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஆகும்பே ஒரு நீர்ப்பிரி மேட்டில் இருக்கிறது. மலைவிளிம்புக்கு மேற்கே விழும் துளி சீதா நதியில் சேர்ந்து, சோமேஸ்வரா காட்டு வழியாக இறங்கி, அரபிக்கடலுக்குப் போய்விடும். ஐம்பது, அறுபது கிலோமீட்டர் பயணம், அவ்வளவுதான். சில அடி கிழக்கே தள்ளி விழுந்த துளி மாலதி ஆற்றில் சேரும். மாலதி துங்காவில், துங்கா பத்ராவோடு கலந்து துங்கபத்ராவாகி, அது கிருஷ்ணாவில், கிருஷ்ணா ஆந்திரம் வரை நடந்து வங்காள விரிகுடாவில். ஒரே மேகத்திலிருந்து விழுந்த இரண்டு துளிகள் நாட்டின் இரண்டு கடல்களுக்குப் பிரிந்து போகின்றன.

சீதா நதி மலையிலிருந்து குதிக்கும் இடம் பர்க்கண அருவி. சுமார் 260 மீட்டர் உயரம். ஒனகெ அப்பி, ஜோகிகுண்டி என்று இன்னும் அருவிகள் இருக்கின்றன. கன்னடத்தில் 'ஒனகெ' என்றால் உலக்கை, 'அப்பி' என்றால் அருவி.

இத்தனை மழை பெய்தும் ஏப்ரல், மே மாதங்களில் மலைநாட்டுக் கிராமங்களில் தண்ணீருக்குத் தவிப்பது உண்டு. செங்குத்துச் சரிவில் விழுவது நிற்காமல் ஓடிவிடுகிறது. பிடித்து வைப்பது காடுதான். காடு மெலிந்த இடத்தில் கிணறும் மெலிகிறது.

ஊர் எவ்வளவு பெரியது? எத்தனை பேர்?

சில நூறு பேர் வாழும் ஊர். கடைத்தெரு என்று பார்த்தால் ஒரு பேருந்து நிலையம், கொஞ்சம் கடைகள், உணவு விடுதிகள், வேணுகோபால கிருஷ்ண சுவாமி கோயில். பத்து நிமிடத்தில் நடந்து முடித்துவிடலாம். முதல் தடவை போகிறவர்கள் "இவ்வளவுதானா?" என்பார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

நமக்கு ஊர் என்றால் தெரு. நாலைந்து தெரு, நடுவில் கோயில், ஓரத்தில் குளம், அதற்கு அப்பால் வயல். மலைநாட்டில் அப்படி இல்லை. அங்கே பாக்குத் தோட்டம் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும். அதை ஒட்டி நெல் வயல், அதற்குச் சற்று மேலே வீடு, வீட்டுக்குப் பின்னால் காடு. அடுத்த வீடு அடுத்த பள்ளத்தாக்கில். இரண்டு வீட்டுக்கும் நடுவில் அரை கிலோமீட்டர்கூட இருக்கலாம். தண்ணீர் இறங்கும் வழியைப் பிடித்துக்கொண்டு வீடுகள் சிதறிக் கிடக்கின்றன.

தங்கிய வீட்டுப் பெரியவரிடம், "ஐயா, ஊர் எங்கே ஆரம்பிக்கிறது?" என்று அரைகுறைக் கன்னடத்தில் கேட்டேன். அவர் திண்ணையில் பாக்கு உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைக்காமலே, மூடுபனிக்குள் ஒன்றும் தெரியாத எதிர்ச்சரிவைத் தாடையால் காட்டி, "ஊரு இதே" என்றார். இதுதான் ஊர். அந்தச் சரிவில் மூன்று வீடு இருக்கிறது என்று மறுநாள் பனி விலகியபோதுதான் தெரிந்தது.

அதனால் மக்கள்தொகை எண்ணைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கணக்கெடுப்பில் 'கிராமம்' என்றால் வருவாய்க் கிராமம். எல்லையும் சர்வே எண்களும் உள்ள நிலப்பரப்பு. அந்த எல்லைக்குள் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கிராமம்தான். ஆளே இல்லாத வருவாய்க் கிராமத்துக்குக் கர்நாடகத்தில் 'பேசராக்' என்று பெயர். விளக்கு இல்லாதது என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. விளக்கெரியாத ஊர். 2011 கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தின் 29 ஆயிரத்துச் சொச்சம் கிராமங்களில் ஏறத்தாழ இரண்டாயிரம் அப்படிப்பட்டவை. மலைநாட்டில் பேருந்து நிற்கும் இடத்தின் பெயரும், வருவாய்க் கிராமத்தின் பெயரும், பஞ்சாயத்தின் பெயரும் ஒன்றாகவே இருந்தாலும் மூன்றின் எல்லையும் வேறு வேறு. ஓர் எண்ணைப் பார்த்தால் அது இந்த மூன்றில் எதனுடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசுக் கணக்குகளில் ஹோப்ளி என்று போட்டிருக்கிறார்களே, அது என்ன?

நம் ஊர் பிர்க்கா மாதிரி. மாவட்டம், தாலுகா, அதற்குக் கீழே ஹோப்ளி, அதற்குக் கீழே கிராமம். ஆகும்பே ஒரு ஹோப்ளியின் தலைமை ஊர். ஆள் தொகையில் சின்னதாக இருந்தாலும் சுற்றுவட்டாரத்தில் அதற்கு மரியாதை இருப்பது இதனால்தான்.

பஞ்சாயத்துக் கணக்கு வேறு. கர்நாடகப் பஞ்சாயத்து ராஜ் சட்டம், 1993-ன்படி பொதுவாக 5,000 முதல் 7,000 பேருக்கு ஒரு கிராமப் பஞ்சாயத்து. ஆனால் சிவமொக்கா, சிக்கமகளூரு, குடகு, உத்தர கன்னட போன்ற மாவட்டங்களுக்கு 2,500 பேர் இருந்தாலே போதும் என்று விலக்கு கொடுத்திருக்கிறார்கள். காட்டுக்குள் சிதறி வாழும் ஆட்களைச் சமவெளிக் கணக்கில் கட்டிப்போட முடியாது என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. நல்ல காரியம் அது.

மாவட்டத்தின் நிலவரம் என்ன?

2011-ல் சிவமொக்கா மாவட்டத்தில் சுமார் 17.5 லட்சம் பேர். சதுர கிலோமீட்டருக்கு 207 பேர். மாநிலச் சராசரி 319. எழுத்தறிவு 80 சதவீதம்.

அங்கே என்ன மொழி? தமிழர்களுக்குப் புரியுமா?

கன்னடம்தான். மலையிறங்கினால் துளு காதில் விழ ஆரம்பிக்கும். கடைத்தெருவில் கொங்கணியும் கேட்கலாம்.

முழுசாகப் புரியாது, ஆனால் காது பழகினால் உறவு தெரியும். அந்தப் பகுதியின் பெயரே 'மலெநாடு', மலைநாடு. ஆச்சரியம் என்னவென்றால் கன்னடத்தில் 'மலெ' என்றால் மலை, 'மளெ' என்றால் மழை. நம்மிடம் உள்ள ழகரம் பழங்கன்னடத்திலும் இருந்தது, பிற்பாடு ளகரமாகிவிட்டது. ஆகும்பேவில் நின்றுகொண்டு இந்த இரண்டு சொல்லையும் சொல்லிப் பார்த்தால், ஒரு நாக்குத் திருப்பத்தில் மலையும் மழையும் இடம் மாறுவது தெரியும்.

அப்புறம் ப-ஹ மாற்றம். பழங்கன்னடத்தின் 'பள்ளி' இன்று 'ஹள்ளி'. தீர்த்தஹள்ளி என்பதை நம் வாயில் தீர்த்தப்பள்ளி என்றே சொல்லிவிடலாம். பால் 'ஹாலு', புலி 'ஹுலி', புல் 'ஹுல்லு', பூ 'ஹூ'. காடு 'காடு'தான், ஊர் 'ஊரு', மனை 'மனெ', தோட்டம் 'தோட்ட'. பாக்குக்கு 'அடிகெ' என்கிறார்கள். பழைய தமிழின் 'அடைக்காய்' நம் பேச்சிலிருந்து போய்விட்டது, அங்கே அதன் உறவு தினசரி வாயில் இருக்கிறது.

என்ன செய்து பிழைக்கிறார்கள்?

பாக்கு, நெல், கொஞ்சம் மிளகு, ஏலம். இப்போது சுற்றுலாவும்.

பாக்குதான் உயிர். ஆனால் மழையே அதற்குப் பகையும்கூட. ஜூலையில் ஓயாமல் பெய்தால் 'கொளெ ரோக' பிடித்து, காய்கள் பழுக்கும் முன்பே அழுகி விழும். அதைத் தடுக்க மழை தொடங்கும்போதே ஒவ்வொரு மரத்தின் உச்சிக்கும் ஏறிக் குலைமீது, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை தெளிக்க வேண்டும். வழுக்கும் மரத்தில், இரண்டு மழைக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில். இந்த வேலைக்கு ஆள் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு கஷ்டமாகிறது. இதற்கு மேல் மஞ்சள் இலை நோயும் இந்தச் சுற்றுவட்டாரத்தைப் பல காலமாக அரித்துக்கொண்டிருக்கிறது.

தோட்டத்தோடு 'சொப்பின பெட்ட' என்று ஒன்று உண்டு. சொப்பு என்றால் தழை, பெட்ட என்றால் குன்று. தோட்டத்துக்கு உரமாகப் போடத் தழை வெட்டிக்கொள்ளும் உரிமை உள்ள காட்டுச் சரிவு. நிலவரைபடத்தில் காடாகத் தெரியும் பல இடங்கள் உண்மையில் ஒரு குடும்பத்தின் உழைப்போடு கட்டப்பட்டவை.

நிலம் யார் கையில் இருக்கிறது என்பதற்கும் இந்த மாவட்டத்தில் ஒரு வரலாறு உண்டு. சாகர தாலுகாவின் காகோடு கிராமத்தில் 1951-ல் குத்தகை விவசாயிகள் சத்தியாக்கிரகம் நடத்தினார்கள். 1974-ல் முதல்வர் தேவராஜ் அர்ஸ் காலத்தில் நிலச்சீர்திருத்தச் சட்டம் திருத்தப்பட்டு, 'உளுவவனே ஹொலதொடெய', உழுகிறவனே நிலத்துக்கு உடையவன், என்ற முழக்கம் சட்டமானது. மலைநாட்டின் குத்தகைக் குடும்பங்கள் பல அதன் பிறகுதான் சொந்த நிலத்தில் வீடு கட்டின. இன்று சரிவுகளில் தெரியும் சின்னச் சின்ன வீடுகளைப் பார்க்கும்போது இது என் நினைவுக்கு வரும்.

மழைக்காலத்தில் ஆட்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

தயாரிப்பு ஏப்ரலிலேயே தொடங்கிவிடும். விறகு வெட்டி அடுக்குவது, பலாப்பழ அப்பளம் காயவைப்பது, மாவடு ஊறுகாய் போட்டு ஜாடியில் அடைப்பது. மாவடுவை அங்கே 'மிடி' என்கிறார்கள்.

வயலில் நிற்பவர்கள் 'கொரபு' போட்டுக்கொள்வார்கள். மூங்கில் சட்டத்தில் இலை வேய்ந்த முதுகுமூடி. குனிந்து நாற்று நடும்போது ஆமை ஓடு மாதிரி முதுகை மூடும், இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். குடையால் அது முடியுமா? கம்பளியைத் தலைக்கு மேலே மடித்து, 'கொப்பெ' என்ற முக்காடாகப் போட்டுக்கொள்வதும் உண்டு. பிளாஸ்டிக் வந்த பிறகு இரண்டும் குறைந்துவிட்டன. மழை அதிகமான நாட்களில் பள்ளிகளுக்கு விடுமுறை, மலைப்பாதையில் கனரக வாகனங்களுக்குத் தடை. காட்டுக்குள் காலெடுத்து வைத்தால் அட்டை.

மக்கள்தொகை கூடுகிறதா, குறைகிறதா?

2001 முதல் 2011 வரை கர்நாடகத்தின் மக்கள்தொகை 15 சதவீதத்துக்கு மேல் கூடியது. சிவமொக்கா மாவட்டத்தில் 7 சதவீதத்தைத் தொடவில்லை. காரணத்தை எந்த வீட்டுத் திண்ணையிலும் கேட்கலாம். பிள்ளைகள் பெங்களூரில். படிப்புக்குப் போனவர்கள் வேலைக்கு அங்கேயே தங்கிவிட்டார்கள். பன்னிரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடும் கூடத்தில் இரண்டு பேர் இருக்கும் வீடுகள் உண்டு. விடுமுறைக்கும் பண்டிகைக்கும் கார்கள் வரும், நாலு நாள் வீடு நிறையும். நெல் போட ஆளில்லாததால் வயல்கள் பாக்குத் தோட்டமாக மாறுவதும் இதோடு சேர்ந்த கதைதான். எனக்கு இது வருத்தம் தருகிறது, மறைக்க விரும்பவில்லை.

மால்குடி இந்த ஊர்தானே?

மால்குடி கற்பனை ஊர். சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த ஆர்.கே. நாராயணின் படைப்பு. அதைத் தூர்தர்ஷனுக்காகச் சங்கர் நாக் தொடராக எடுத்தபோது, 1980-களின் நடுவில், பெரும்பகுதியை ஆகும்பேவில் படம் பிடித்தார். அதில் வரும் 'தொட்ட மனெ' என்ற பழைய வீடு இன்னும் இருக்கிறது. அது ஒரு குடும்பத்தின் வீடு, அந்த நினைப்போடு போங்கள்.

ராஜநாகம் நிறைய இருக்குமாமே, பயம் இல்லையா?

இருக்கிறது. 'காளிங்க சர்ப்ப' என்று மரியாதையோடுதான் சொல்வார்கள். பெரும்பாலும் மற்றப் பாம்புகளையே தின்னும், சாரையைத் துரத்திக்கொண்டு தோட்டத்துக்குள்ளும் வந்துவிடும். பெண் நாகம் சருகுகளைக் குவித்துக் கூடு கட்டி முட்டையிடும். பாம்புகளில் இப்படிக் கூடு கட்டுவது இது ஒன்றுதான்.

சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கர் 2005-ல் ஆகும்பேவில் மழைக்காட்டு ஆராய்ச்சி நிலையம் ஒன்றை அமைத்தார். ராஜநாகத்தின் உடலில் ரேடியோக் கருவி பொருத்தி அதன் நடமாட்டத்தைப் பின்தொடரும் ஆய்வு அங்கே 2008-ல் தொடங்கியது. ஒரே இனம் என்று நினைத்துக்கொண்டிருந்த ராஜநாகத்தை ஆய்வாளர்கள் 2024-ல் நான்கு இனங்களாகப் பிரித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பதற்கு 'ஓஃபியோஃபேகஸ் காளிங்கா' என்று பெயர். ஊர் வழங்கிய பெயரே அறிவியல் பெயராகிவிட்டது.

எப்போது போகலாம்?

மழையைப் பார்க்க ஜூலை, ஆகஸ்ட். கடலில் சூரியன் மறைவதைப் பார்க்க டிசம்பர், ஜனவரி.

அடுத்த கணக்கெடுப்பு எப்போது?

2021-ல் நடந்திருக்க வேண்டியது, கொரோனாவால் தள்ளிப்போனது. இப்போது 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாக வைத்து அறிவித்திருக்கிறார்கள். முதல் முறையாக டிஜிட்டல் முறையில், சாதி விவரமும் சேர்த்து.

ஆகும்பே மாதிரி ஊரில் ஆள் எண்ணுவதற்குக் கைபேசி மட்டும் போதாது, காலும் வேண்டும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடை குறுக்கிடும். அதைத் தாண்ட 'காலுசங்க' என்று பாக்கு மரத்தையோ காட்டு மரத்தையோ குறுக்கே போட்ட நடைபாலம் இருக்கும். ஒருவர் மட்டும் நடக்கலாம். கைப்பிடிக்கு ஒரு மூங்கில் கட்டியிருந்தால் அதிர்ஷ்டம். நான் போன ஆகஸ்டில் அதில் கால் வைக்கவே நெஞ்சு திக்கென்றது எனக்கு. கீழே தண்ணீர் செம்மண் நிறத்தில் சீறிக்கொண்டிருந்தது. கணக்கெடுப்பவர் வரும் கோடைத் தொடக்கத்தில் அந்த ஓடை கணுக்கால் அளவுக்கு இறங்கியிருக்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாலத்துக்குக் கீழேயே நடந்து போய்விடலாம்.